மாட்டுத் தொழுவில் மலர்ந்த மாண்பு

மார்கழிப் பனி மண்ணை நனைக்கும் காலம். வீட்டு வாயில்தோறும் காகித நட்சத்திரங்கள் கண்சிமிட்டுகின்றன. நள்ளிரவில் ஆலய மணி நாதம் எழுப்புகிறது. புத்தாடை மணமும், அடுப்பிலிருந்து இறக்கிய பலகார மணமும் ஒன்றாய்க் கலந்து வீடெங்கும் நிறைகின்றன. ‘கிறிஸ்து பிறந்தார்’ என்று ஒருவர்க்கொருவர் வாழ்த்துக் கூறி மகிழ்கிறோம்.

அன்புத் தோழியரே! இத்தனை மகிழ்ச்சிக்கும் பிறகு ஒரு கேள்வி. ஜனவரி பிறந்ததும் நட்சத்திரத்தை இறக்கிப் பரண்மேல் வைக்கிறோம். குடிலைப் பிரிக்கிறோம். சுரூபங்களைப் பழந்துணியில் சுற்றிப் பெட்டியில் அடுக்குகிறோம். வைக்கோலை யாரோ ஒருவர் வீட்டு மாட்டுக்கு அனுப்பி விடுகிறோம். அதன்பின் எஞ்சுவது என்ன? இருபது நூற்றாண்டுகளுக்கு முன் ஒரு சிற்றூரில் பிறந்த ஒரு குழந்தை, இன்று பத்தாம் வகுப்பில் படிக்கும் நமக்கு என்ன சொல்கிறது?

இக்கேள்வி எங்கள் உள்ளத்தில் தானாக எழுந்ததன்று. நாங்கள் செய்த ஒரு தவறே அதை எழுப்பியது. வெட்கத்தோடுதான் அதை இங்கு எழுதுகிறோம்.

சென்ற கிறிஸ்மஸ் கலைநிகழ்ச்சிக்கு எங்கள் வகுப்பு நாடகம் போடுவதென முடிவாயிற்று. மரியன்னையாக நடிப்பவர் யார் என்ற பேச்சு எழுந்தது. விடுதியில் தங்கிப் படிக்கும் எங்கள் தோழி ஒருத்தி வசனம் முழுவதையும் முதல் நாளே மனப்பாடம் செய்திருந்தாள். அவள் குரல் மணி போன்றது. ஆனால், “மாதா என்றால் நல்ல சிவப்பாக இருக்க வேண்டாமா? நீல முக்காடு இவளுக்கு எடுக்காதே!” என்று எங்களில் ஒருத்தி சொன்னாள். மற்றவர்கள் சிரித்தோம். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. அவளும் ஒன்றும் சொல்லவில்லை. வசனத் தாளை மேசைமேல் வைத்துவிட்டு, இடையர் வரிசையில் போய் நின்றுகொண்டாள்.

இது எங்கள் வகுப்பு சிஸ்டரின் காதுக்கு எட்டியது. சிஸ்டர் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. “மாதா சிவப்பாக இருந்தார்கள் என்று எந்த நற்செய்தியில் படித்தீர்கள்? தேடிப் பாருங்கள். கிறிஸ்து எங்கே பிறந்தார், எப்படிப் பிறந்தார், ஏன் அப்படிப் பிறந்தார் என்று எழுதிக்கொண்டு வாருங்கள்” என்று மட்டும் சொன்னார்கள். அன்று தேடத் தொடங்கியதன் பயனே இக்கட்டுரை.

நற்செய்தி கூறுவதும் கூறாததும்

நற்செய்தி நூல்கள் நான்கு. அவற்றுள் இயேசுவின் பிறப்பு நிகழ்ச்சியை விரித்துரைப்பவை இரண்டே: மத்தேயு, லூக்கா. மாற்கு, இயேசு வளர்ந்து திருமுழுக்குப் பெறும் நிகழ்ச்சியோடு தொடங்குகிறார். யோவானோ தொழுவத்தையும் இடையரையும் பற்றி ஒன்றும் கூறாமல், படைப்புக்கு முன்பே கடவுளோடு இருந்த வாக்கு மனித உடல் எடுத்தது என்னும் பேருண்மையைப் பாடுகிறார்.

நாம் குடிலில் வைக்கும் பலவற்றை நற்செய்தியில் தேடினால் வியப்பு ஏற்படும். மாடும் கழுதையும் அங்கில்லை. தன் உரிமையாளனை மாடும் கழுதையும் அறிந்துகொள்ள, மக்களோ தங்கள் இறைவனை அறியவில்லை என்று எசாயா இறைவாக்கினர் வருந்தினார். அதிலிருந்தே அவ்விரண்டு விலங்குகளும் குடிலுக்குள் வந்தன. கீழ்த்திசை ஞானிகள் மூவர் என்றும் மத்தேயு கூறவில்லை. பொன், சாம்பிராணி, வெள்ளைப்போளம் என்று காணிக்கைகள் மூன்றாக இருந்ததால், அவற்றைக் கொணர்ந்தவரும் மூவர் எனப் பிற்காலத்தவர் கொண்டனர். பிறந்த நாளும் சொல்லப்படவில்லை. அன்னையின் நிறமோ, முகத்தோற்றமோ எந்த நற்செய்தியிலும் இல்லவே இல்லை!

அப்படியாயின் நற்செய்தி கூறுவது என்ன? உரோமைப் பேரரசன் அகுஸ்து மக்கள்தொகையைக் கணக்கிடக் கட்டளையிட்டான். சூசையப்பரும் கருவுற்றிருந்த மரியாவும் கலிலேயாவின் நாசரேத்தை விட்டு, யூதேயாவின் பெத்லகேமுக்குப் பயணமானார்கள். நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட மேடுபள்ளமான வழி. தங்க இடம் கிடைக்கவில்லை. பிறந்த குழந்தையைத் துணிகளில் சுற்றித் தீவனத் தொட்டியில் கிடத்தினாள் தாய். அச்செய்தி முதன்முதலில் அறிவிக்கப்பட்டது அரண்மனைக்கா? ஆலயக் குருக்களுக்கா? இல்லை. இரவெல்லாம் கண்விழித்து ஆட்டுக்குக் காவலிருந்த இடையர்க்கே அறிவிக்கப்பட்டது. வானதூதர் அவர்களுக்குக் கொடுத்த அடையாளமும் ஒளியோ, மணிமுடியோ அன்று. தொட்டியில் கிடக்கும் ஒரு குழந்தையே அடையாளம்.

மரியா யார்? அகழ்வாராய்ச்சியாளர் கூறுவதுபோல், சில நூறு பேரே வாழ்ந்த நாசரேத் என்னும் சிற்றூரைச் சேர்ந்த யூதப் பெண். தச்சருக்கு மண ஒப்பந்தமானவள். அக்கால யூதப் பெண்களுக்கு இளவயதிலேயே மணம் பேசப்பட்டதால், வானதூதர் வந்தபோது மரியா நம் வயதை ஒத்தவராக இருந்திருக்கலாம் என அறிஞர் பலர் கருதுகின்றனர். குழந்தையை எருசலேம் ஆலயத்தில் காணிக்கையாக்கியபோது அவர்கள் கொடுத்த பலி புறாக்கள் இரண்டு. மோசேயின் சட்டப்படி தாய் ஓர் ஆட்டுக்குட்டி கொடுக்க வேண்டும். அதற்கு வசதியற்ற ஏழைகள் இரண்டு பறவைகள் கொடுக்கலாம். அந்த ஒரு வரியே திருக்குடும்பத்தின் நிலையை நமக்குக் காட்டிவிடுகிறது. நீலப் பட்டு முக்காடு ஓவியர்கள் போட்டது. புறாக் காணிக்கையே நற்செய்தி சொல்வது.

அப்பத்தின் வீடு

பெத்லகேம், எருசலேமுக்குத் தெற்கே சுமார் பத்துக் கிலோமீட்டர் தொலைவில், மலைப்பகுதியில் அமைந்த ஊர். தாவீது அரசர் பிறந்த ஊர் அது. எபிரேய மொழியில் அப்பெயருக்கு ‘அப்பத்தின் வீடு’ என்பது பொருள். அந்த ஊரில், உணவு வைக்கும் ஒரு தொட்டியில் இயேசு கிடத்தப்பட்டார். பின்னாளில் தம்மையே வாழ்வு தரும் உணவாக அளித்தார். எனவேதான் கிறிஸ்மஸ் நாளின் நடுநாயகம் திருப்பலி. ‘கிறிஸ்மஸ்’ என்னும் ஆங்கிலச் சொல்லே ‘கிறிஸ்துவின் பூசை’ என்னும் பொருளுடையது. அன்று நள்ளிரவிலும், விடியலிலும், பகலிலும் நிறைவேற்ற மூன்று தனித்தனித் திருப்பலிகள் வகுக்கப்பட்டுள்ளன. பீடத்தில் அப்ப வடிவில் வருபவரும், அன்று தொட்டியில் கிடந்தவரும் ஒருவரே என்பது திருச்சபையின் நம்பிக்கை.

பிறப்பு நிகழ்ந்த இடம் ஒரு குகை என்னும் மரபு மிகப் பழையது. 2-ஆம் நூற்றாண்டிலேயே புனித யுஸ்தீன் அதைக் குறிப்பிடுகிறார். உரோமைப் பேரரசர் கான்ஸ்டன்டைன் காலத்தில், 4-ஆம் நூற்றாண்டில், அக்குகைமேல் ஆலயம் எழுப்பப்பட்டது. அது சேதமுற்றபின் 6-ஆம் நூற்றாண்டில் பேரரசர் யுஸ்தீனியன் காலத்தில் மீண்டும் கட்டப்பட்ட ஆலயமே இன்றும் நிற்கிறது. 2012-இல் அது உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. கத்தோலிக்கர், கிரேக்க மரபுத் திருச்சபையினர், ஆர்மேனியத் திருச்சபையினர் ஆகிய மூவரும் அவ்விடத்தில் வழிபாட்டு உரிமை உடையவர்கள்.

அந்த மாபெரும் ஆலயத்தின் நுழைவாயிலின் உயரம் எவ்வளவு தெரியுமா? சுமார் நான்கு அடிதான்! குதிரைமேல் இருந்தபடியே எவரும் உள்ளே நுழையாதபடி முற்காலத்தில் வாயிலைக் குறுக்கிவிட்டார்கள் என்று சொல்வர். ‘பணிவின் வாயில்’ என்பது அதன் பெயர். மன்னராயினும் தலைகுனியாமல் உள்ளே போக இயலாது. குழந்தைகள் மட்டுமே நிமிர்ந்தபடி நுழையலாம். நாங்கள் இதைப் படித்தபோது ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். மரியன்னையின் வேடத்துக்கு ஆள் தேர்ந்தெடுத்த நாங்கள், அந்த வாயிலில் எப்படி நுழைந்திருப்போம்?

386-இல் பெத்லகேமுக்கு வந்து தங்கிய புனித ஜெரோம், அங்கிருந்தே விவிலியத்தை இலத்தீன் மொழியில் பெயர்க்கும் அரும்பணியை ஆற்றினார். 420-இல் அங்கேயே இறந்தார். வாக்கு மனிதரான இடத்தில் அமர்ந்தே வாக்கின் நூலை மக்கள் மொழிக்குக் கொணர்ந்தார் என்பது எத்துணைப் பொருத்தம்!

நாளும் ஆண்டும்

டிசம்பர் 25 எப்படி வந்தது? 354-ஆம் ஆண்டைச் சேர்ந்த உரோமை நாட்குறிப்புத் தொகுப்பு ஒன்றில் இந்த நாள் குறிக்கப்பட்டுள்ளது. அதிலுள்ள குறிப்பு 336-ஆம் ஆண்டுக்குரியதென்பர். எனவே 4-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே உரோமையில் இவ்விழா இந்நாளில் இடம்பெற்றுவிட்டது. குளிர்காலத்தின் நடுவே கதிரவன் மீண்டும் வலிமை பெறும் நாளை உரோமையர் கொண்டாடினர். உண்மையான ஒளி கிறிஸ்துவே என அறிவிக்க அந்நாளைக் கிறிஸ்தவர் தேர்ந்தனர் என்பது ஒரு கருத்து. மார்ச் 25-இல் அவர் கருவுருவானார் எனக் கணக்கிட்டு, ஒன்பது மாதம் கூட்டி டிசம்பர் 25-ஐ அடைந்தனர் என்பது மற்றொரு கருத்து. ஆர்மேனியத் திருச்சபை இன்றும் ஜனவரி 6-இல் கொண்டாடுகிறது. பழைய நாட்காட்டியைப் பின்பற்றும் கீழைத் திருச்சபைகளின் விழா நமது ஜனவரி 7-இல் வருகிறது.

கிறிஸ்து பிறப்பை வைத்து ஆண்டைக் கணக்கிடும் முறையை 525-இல் வகுத்தவர் தியோனிசியுஸ் என்னும் துறவி. ஏரோது அரசன் கி.மு. 4-இல் இறந்தான் என்று வரலாற்றாசிரியர் பலர் கருதுவதால், அத்துறவியின் கணக்கு சில ஆண்டுகள் தவறிவிட்டது என்பர். கிறிஸ்து பிறந்தது கி.மு. 6-க்கும் 4-க்கும் இடைப்பட்ட காலமாக இருக்கலாம்.

நாள் தெரியவில்லை, ஆண்டும் உறுதியில்லை என்றால் நம்பிக்கை தளர்ந்துவிடுமோ? இல்லை தோழியரே! நம் பாட்டிமார் பலருக்குப் பிறந்த தேதி தெரியாது. ஆயினும் அவர்கள் பிறந்ததும் உண்மை. அவர்கள் நமக்கு ஊட்டிய சோறும் உண்மை. திருச்சபை கொண்டாடுவது நாட்காட்டியின் ஒரு தாளையன்று. கடவுள் நம்மிடையே வந்தார் என்னும் உண்மையையே.

மனிதரான கடவுள்

இவ்வுண்மையைக் காக்கத் திருச்சபை பெரும் போராட்டமே நடத்தியது. 4-ஆம் நூற்றாண்டில் ஆரியுஸ் என்னும் குரு, இறைமகன் படைக்கப்பட்டவரே என்று போதித்தார். 325-இல் நிசேயா நகரில் கூடிய பொதுச்சங்கம் அதை மறுத்து, மகன் தந்தையோடு ஒரே பொருளானவர் என அறிக்கையிட்டது. 431-இல் எபேசு பொதுச்சங்கம் மரியாவைக் ‘கடவுளின் தாய்’ என அழைப்பது முறையே என்று உரைத்தது. 451-இல் கல்சேதோன் பொதுச்சங்கம், கிறிஸ்து மெய்யான கடவுளும் மெய்யான மனிதரும் ஆவார் எனத் தெளிவுபடுத்தியது. நிசேயா சங்கத்தின் 1700-ஆம் ஆண்டு நிறைவு 2025-இல் நினைவுகூரப்பட்டது.

சொற்களைப் பற்றிய இந்த வாதம் நமக்கு எதற்கு என்று தோன்றலாம். எங்களுக்கும் தோன்றியது. ஆனால் எண்ணிப் பாருங்கள். கடவுள் மனிதரைப்போல் வேடமிட்டு வந்தார் என்றால், நாடகம் முடிந்ததும் வேடத்தைக் கலைத்துவிட்டுப் போயிருப்பார். நம் மனித இயல்புக்கு அதனால் ஒரு மதிப்பும் கூடியிராது. மாறாக, அவர் மெய்யாகவே மனிதரானார். பசித்தார், அழுதார், களைத்தார், இறந்தார். எனவே மனித உடல் என்பது கடவுள் அணிந்துகொண்ட உடல். கறுப்போ சிவப்போ, நெட்டையோ குட்டையோ, நலமுற்றதோ ஊனமுற்றதோ, இழிவென்று ஒதுக்கத்தக்க மனித உடல் ஒன்றும் இல்லை. மனிதரை இறைவாழ்வில் பங்குபெறச் செய்வதே இறைமகன் மனிதரானதன் நோக்கம் என்று புனித அத்தனாசியார் விளக்கினார். 5-ஆம் நூற்றாண்டில் திருத்தந்தையாக விளங்கிய பெரிய சிங்கராயர் தம் கிறிஸ்மஸ் மறையுரைகளில், கிறிஸ்தவர் தம் மாண்பை உணர வேண்டும் என்று அறிவுறுத்தினார்.

திருப்பலியில் நாம் விசுவாச அறிக்கை சொல்லும்போது, இறைமகன் மனிதரானார் என்னும் இடத்தில் தலைவணங்குகிறோம். கிறிஸ்து பிறப்பு விழாவன்றும், மார்ச் 25 மங்கள வார்த்தை விழாவன்றும் அவ்விடத்தில் முழந்தாளிடுகிறோம். சிறு வயது முதல் நாங்களும் முழந்தாளிட்டு வந்தோம். ஏன் என்று இந்த ஆண்டுதான் எங்களுக்கு விளங்கியது.

கிரேச்சியோ குடில்

நாம் அமைக்கும் குடிலுக்கு ஒரு வரலாறு உண்டு. 1223-ஆம் ஆண்டு. இத்தாலி நாட்டில் கிரேச்சியோ என்னும் மலையூர். அசிசியின் பிரான்சிஸ் அவ்வூர்ப் பிரபு ஒருவரை அழைத்து, பெத்லகேம் குழந்தை பட்ட சிரமத்தைத் தம் கண்ணால் காண விரும்புவதாகக் கூறினார். தொட்டி ஒன்றும் வைக்கோலும் ஆயத்தமாயின. உயிருள்ள மாடும் கழுதையும் கொண்டுவரப்பட்டன. ஊர்மக்கள் தீவட்டி ஏந்தி மலையேறி வந்தனர். தொட்டியின்மேல் திருப்பலி நிறைவேறியது. திருத்தொண்டராயிருந்த பிரான்சிஸ் நற்செய்தியைப் பாடி, மறையுரை ஆற்றினார்.

அந்தக் குடிலில் சுரூபங்கள் இல்லை. மரியாவாகவோ சூசையாகவோ நடிக்க எவரும் இல்லை. தொட்டி வெறுமையாகவே இருந்தது. அங்கு நின்ற ஒருவர் தொட்டியில் ஒரு குழந்தை உயிரற்றதுபோல் கிடக்கக் கண்டதாகவும், பிரான்சிஸ் அருகே சென்றதும் அது துயில் கலைந்து எழுந்ததாகவும் அவருடைய வரலாற்றை எழுதிய செலானோ ஊர்த் தோமா கூறுகிறார். பலருடைய உள்ளங்களில் மறக்கப்பட்டுக் கிடந்த இயேசு அன்று விழித்தெழுந்தார் என்பது அவர் தரும் விளக்கம். வைக்கோலையும் அவர் மறக்கவில்லை. அதை எடுத்து வைத்திருந்து நோயுற்ற கால்நடைகளுக்குக் கொடுக்க, அவை குணமடைந்தனவாம். கிறிஸ்மஸ் நாளில் செல்வர்கள் ஏழைகளுக்கு வயிறார உணவளிக்க வேண்டும், மாட்டுக்கும் கழுதைக்கும்கூட அன்று கூடுதலாகத் தீனி வைக்க வேண்டும் என்று பிரான்சிஸ் விரும்பினார்.

2019-இல் திருத்தந்தை பிரான்சிஸ் அதே கிரேச்சியோவுக்குச் சென்று, குடிலின் பொருள் பற்றிய மடல் ஒன்றில் கையெழுத்திட்டார். வீடுகளிலும் பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் குடில் அமைக்கும் வழக்கத்தை விட்டுவிடலாகாது என்பது அதன் கருத்து. 2023-இல் கிரேச்சியோ நிகழ்ச்சியின் 800-ஆம் ஆண்டு நிறைவுற்றது.

எல்லார் முகமும் அவர் முகம்

எங்கள் தவறு எங்கிருந்து வந்தது என்று சிந்தித்துப் பார்த்தோம். நாங்கள் கண்ட சுரூபங்களும் வாழ்த்து அட்டைகளும் ஐரோப்பிய ஓவியங்களைப் பார்த்துச் செய்தவை. அவர்கள் தங்கள் தாய்மாரின் சாயலில் மரியாவை வரைந்தார்கள். அதில் தவறில்லை, அன்பினால் அப்படிச் செய்தார்கள். அந்தச் சாயல் மட்டுமே அழகு என்று நாம் எண்ணிக்கொண்டதுதான் தவறு.

கோவாவில் 1902-இல் பிறந்த ஆஞ்செலோ ட ஃபொன்சேகா என்னும் ஓவியர், சாந்திநிகேதனில் அபனீந்திரநாத் தாகூரிடம் பயின்றவர். அவர் மரியன்னையைச் சேலை உடுத்திய இந்தியப் பெண்ணாக வரைந்தார். அதற்காக அவர் ஏச்சுக்கும் ஆளானார். 1967-இல் அவர் மறைந்தார். இன்று அவர் ஓவியங்களைப் போற்றுகிறார்கள். நம் தமிழிலும், இத்தாலியில் 1680-இல் பிறந்து இங்கு வந்த வீரமாமுனிவர், சூசையப்பரைக் காப்பியத் தலைவராக்கி 1726-இல் தேம்பாவணியைப் பாடினார். தமிழ் மரபின் மலையும் ஆறும் வயலும் அந்தப் பெத்லகேம் கதைக்குள் வந்துவிட்டன. கடவுள் மனிதரானார் என்றால் எல்லா நாட்டிலும் எல்லா மொழியிலும் அவருக்கு இடமுண்டு என்பதே பொருள்.

எங்கள் வகுப்பின் இஸ்லாமியத் தோழி ஒருத்தி, திருக்குர்ஆனில் 19-ஆம் அத்தியாயத்தின் பெயரே ‘மர்யம்’ என்று கூறினாள். “எங்களுக்கும் அவர்கள் பெரியவர்கள்தான். ஆனால் நாங்கள் படம் வரைவதில்லை, அதனால் எங்களுக்கு நிறச் சண்டையும் இல்லை” என்று அவள் சொன்னபோது, சிஸ்டர் உட்பட எல்லாரும் சிரித்துவிட்டோம். சிரிப்பு அடங்கியபின் எங்களுக்குச் சிறிது வெட்கமாகவும் இருந்தது.

இருளில் எரியும் விளக்கு

கிறிஸ்து பிறப்பு, கவலை கலவாத கதையன்று. ஞானிகள் வந்து சென்ற பின் ஏரோதின் வாள் பெத்லகேமின் குழந்தைகளைத் தேடி வந்தது. டிசம்பர் 28-ஆம் நாள் மாசற்ற குழந்தைகளின் விழாவைத் திருச்சபை கொண்டாடுவது அதனால்தான். இயேசு பாலன் தாயின் மடியில் எகிப்து நாட்டுக்குத் தப்பிச் சென்றார். உலகில் இன்று வீடிழந்து எல்லை கடக்கும் ஒவ்வொரு குழந்தையும் அவருக்கு உடன்பிறப்பு.

இவ்விழா கல்மனத்தையும் கரைக்கும் வலிமை உடையது என்பதற்கு ஒரு சான்று. 1914-இல் முதல் உலகப்போர் மூண்டிருந்தது. கிறிஸ்மஸுக்காவது போரை நிறுத்துங்கள் என்று திருத்தந்தை 15-ஆம் ஆசீர்வாதப்பர் வேண்டினார். அரசுகள் இசையவில்லை. ஆனால் கிறிஸ்மஸ் முந்திய இரவில், மேற்குப் போர்முனையின் பதுங்கு குழிகளில் பல இடங்களில் ஜெர்மானிய வீரரும் ஆங்கிலேய வீரரும் தத்தம் மொழியில் கிறிஸ்மஸ் பாடல்கள் பாடினர். விடிந்ததும் வெளியே வந்து கைகுலுக்கினர், இருந்ததைப் பகிர்ந்துகொண்டனர், இறந்தவர்களைப் புதைத்தனர். சில நாட்களில் போர் மீண்டும் தொடங்கிவிட்டது உண்மைதான். ஆனால் எதிரியின் முகத்திலும் மனித முகம் கண்ட அந்த ஒரு நாளை வரலாறு மறக்கவில்லை.

எஞ்சி நிற்பது

நாங்கள் எழுதியவற்றைச் சிஸ்டரிடம் கொடுத்தோம். பிறகு எங்கள் தோழியிடம் சென்று, எங்களை மன்னித்துவிட்டு மரியன்னையாக நடிக்கும்படி வேண்டினோம். அவள் சிறிது நேரம் பேசாதிருந்தாள். பின், “இடையர் வேடத்துக்கு ஒத்திகை பார்த்துவிட்டேன். செய்தி முதலில் கிடைத்தது அவர்களுக்குத்தானே? அதையே செய்கிறேன். அடுத்த ஆண்டு வேறொருத்தியைத் தேர்ந்தெடுக்கும்போது மட்டும் இதை நினைத்துக்கொள்ளுங்கள்” என்றாள்.

மன்னிப்புக் கேட்டதும் நடந்தது நடக்காததாகிவிடாது என்பதை அன்று அறிந்துகொண்டோம். அவள் எங்களிடம் முன்போல் பேசச் சில வாரங்கள் ஆயின. நாடகத்தன்று, இடையர் கூட்டத்திலிருந்து முன்வந்து தொட்டியின் முன் முழந்தாளிட்டாள். அவள் பாடிய பாட்டில் மன்றமே அமைதியாயிற்று. எங்களில் பலருக்குக் கண்கள் நனைந்தன. அவளைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு மிகுதியாகவே நனைந்தன.

ஆகவே, தோழியரே, தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வருவோம். நட்சத்திரத்தை இறக்கிய பின் எஞ்சுவது என்ன? கடவுள் ஒரு தீவனத் தொட்டியைத் தமக்கு ஏற்றதன்று என ஒதுக்கவில்லை என்ற உண்மை எஞ்சுகிறது. மிகச் சிறியோருக்குச் செய்வதையெல்லாம் தமக்கே செய்ததாக ஏற்றுக்கொள்வேன் என்று அக்குழந்தை வளர்ந்தபின் கற்பித்த பாடம் எஞ்சுகிறது. அப்பாடத்தைப் படிக்க டிசம்பர் மாதம் வரவேண்டியதில்லை. உணவு மேசையில் தனியே அமர்ந்திருக்கும் தோழியிடத்தும், காலையில் நமக்குமுன் வந்து வகுப்பறையைப் பெருக்கும் ஆயாம்மாவிடத்தும், வீட்டில் நம் சொல்லுக்காகக் காத்திருக்கும் பாட்டியிடத்தும் நாள்தோறும் அப்பாடம் திறந்தே கிடக்கிறது.

இவ்வாண்டும் குடில் கட்டுவோம். நட்சத்திரம் ஏற்றுவோம். ஆனால் பெத்லகேம் ஆலயத்தின் அந்தச் சிறு வாயிலை மறவாதிருப்போம். தலைகுனிந்து நுழைவோம். உள்ளே கிடக்கும் குழந்தையின் முகத்தில், நாம் ஒதுக்கிய ஒவ்வொருவர் முகத்தையும் காண்போம். அதுவே மெய்யான கிறிஸ்து பிறப்பு விழா ஆகட்டும்!

— பத்தாம் வகுப்பு மாணவி